சென்னையிலிருந்து சான் பிரான்சிஸ்கோ எத்தனை மணி நேரம்? கணக்குப் போடும் வழி

பெரியப்பா போன டிசம்பரில் முதன்முறையாக அமெரிக்கா போனார். சான் பிரான்சிஸ்கோ பக்கத்தில் ஃப்ரீமாண்டில் இருக்கும் மகள் டிக்கெட் போட்டு வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தாள். நான் கும்பகோணம் போயிருந்த அன்று போனை என்னிடம் நீட்டினார்.

"ஏன்டா, செவ்வாக்கெழம ராத்திரி பதினொன்னே காலுக்குக் கெளம்பி, புதன்கெழம காலைல எட்டே முக்காலுக்குப் போயிடுதே. ஒம்பதரை மணி நேரம்தானே? நம்ம ஊர்லேர்ந்து பெங்களூருக்கு பஸ்ல போற நேரம். இதுக்கா எல்லாரும் இப்படி அலுத்துக்கறாங்க?"

அப்புறம் திரும்பி வரும் டிக்கெட்டைப் பார்த்தார். பிப்ரவரி கடைசியில் ஒரு புதன்கிழமை இரவு 10 மணிக்கு அங்கே ஏறி, வெள்ளிக்கிழமை பகல் 11.40க்குச் சென்னை. விரல் விட்டு எண்ணினார். முகம் மாறியது. "வர்றதுக்கு மட்டும் ஏன் முப்பத்தேழு மணி நேரத்துக்கு மேல? ஊரெல்லாம் சுத்திக்கிட்டு வர்றானா?"

உண்மையில் போவதற்கு 23 மணி நேரம், வருவதற்கு 24 மணி 10 நிமிடம். முதல்முறை போகிறவர்கள் அநேகமாக எல்லாருமே இந்த இடத்தில்தான் தடுமாறுகிறார்கள். தூரம் எவ்வளவு என்று கேட்பார்கள், இணையத்தில் பார்ப்பார்கள், மூன்று எண்கள் வரும். நேரம் எவ்வளவு என்று கேட்பார்கள், ஆளுக்கொன்று சொல்வார்கள். சென்னை, சான் பிரான்சிஸ்கோ இரண்டையும் வைத்தே வரிசையாகச் சொல்லிவிடுகிறேன். முறை பிடிபட்டால் எந்த இரண்டு ஊருக்கும் நீங்களே போட்டுக்கொள்ளலாம். பேப்பரும் பேனாவும் போதும்.

முதலில் தூரம்

பள்ளிக்கூடச் சுவரில் தொங்கும் தட்டையான உலகப் படத்தை மறந்துவிடுங்கள். அதில் சென்னைக்கும் சான் பிரான்சிஸ்கோவுக்கும் கோடு போட்டால் ஒன்று அரேபியா, ஆப்பிரிக்கா, அட்லாண்டிக் என்று மேற்கே போகும். இல்லையென்றால் பசிபிக் கடலைக் குறுக்கே அறுத்துக்கொண்டு கிழக்கே போகும். இரண்டும் சுற்றுவழி.

பிள்ளைகளின் உலக உருண்டை வீட்டில் இருந்தால் எடுங்கள். தையல் நூல் ஒரு முழம். நூலின் ஒரு முனையைச் சென்னை மேல் கட்டை விரலால் அழுத்திப் பிடித்து, மறு முனையைச் சான் பிரான்சிஸ்கோ வரைக்கும் தொய்வில்லாமல் இழுங்கள். நூல் தானாகவே மிகக் குறுகிய வழியில் போய் உட்கார்ந்துகொள்ளும். அது கிழக்கேயும் போகாது, மேற்கேயும் போகாது. வடக்கே ஏறும். நேபாளத்தின் மேல் இமயமலையைத் தாண்டி, திபெத், மங்கோலியா, சைபீரியா என்று போய், வட துருவ வட்டத்துக்குள் நுழைந்து, ரஷ்யாவும் அலாஸ்காவும் நேருக்கு நேர் பார்த்துக்கொள்ளும் பெரிங் நீரிணையைக் கடந்து, ஆங்கரேஜ் பக்கமாக இறங்கி, அமெரிக்காவின் மேற்குக் கரையைத் தொடும். முதல்முறை இழுத்துப் பார்ப்பவர்கள் நூல் நழுவிவிட்டது என்று நினைத்து மறுபடி இழுப்பார்கள். நானும் இழுத்தேன்.

அந்த நூலின் நீளம் சுமார் 13,900 கிலோமீட்டர். பூமியின் சுற்றளவு 40,000 கிலோமீட்டர் என்பதால், உருண்டையின் மேல் எந்த இரண்டு இடங்களுக்கும் நடுவே 20,000 கிலோமீட்டருக்கு மேல் தூரம் இருக்க முடியாது. அந்தக் கணக்கில் நாம் பத்தில் ஏழு பங்கு தூரம் போகிறோம்.

இணையத்தில் தேடும்போது இதே தூரம் 8,640 என்றும் வரும், 7,500 என்றும் வரும். மூன்றும் சரிதான். முதலாவது கிலோமீட்டர், அடுத்தது மைல், மூன்றாவது விமானிகளும் மாலுமிகளும் பயன்படுத்தும் கடல் மைல். ஒரு கடல் மைல் 1.852 கிலோமீட்டர். எண்ணுக்குப் பக்கத்தில் என்ன அலகு போட்டிருக்கிறது என்று பார்க்காமல் தூரத்தைக் குறித்துக்கொள்ளாதீர்கள். நூல் பிடிக்கப் பொறுமை இல்லாதவர்கள் கிரேட் சர்க்கிள் மேப்பர் என்ற தளத்தில் இரண்டு விமான நிலையங்களின் மூன்றெழுத்துக் குறிகளைப் போட்டால் கோடும் நீளமும் வந்துவிடும். சென்னைக்குக் குறி எம்.ஏ.ஏ., மெட்ராஸ் காலத்துப் பெயர், இன்னும் மாறவில்லை. சான் பிரான்சிஸ்கோவுக்கு எஸ்.எஃப்.ஓ.

நூல் போகும் வழியில் விமானம் போகாது

13,900 கிலோமீட்டர் என்பது வெறும் அடிப்படை எண். நீங்கள் அந்த வழியில் போகப் போவதில்லை. முதல் காரணம், சென்னையிலிருந்து சான் பிரான்சிஸ்கோவுக்கு நேரடி விமானம் கிடையாது. எங்கேயாவது இறங்கி மாற வேண்டும்.

நேரடியாக இருந்தாலும் நூலின் மேலேயே போய்விட முடியாது. திபெத் பீடபூமியின் சராசரி உயரம் 4,500 மீட்டருக்கும் மேல். வழியில் விமானத்துக்குள் காற்றழுத்தம் குறைந்தால் விமானி சுமார் 3,000 மீட்டர் உயரத்துக்கு இறங்கியாக வேண்டும். அங்கே இறங்க இடமே இல்லை, கீழே மலை. தலைக்கு மேலிருந்து தொங்கும் ஆக்சிஜன் முகமூடியும் கால் மணி நேரம் போலத்தான் தாங்கும். அதனால் பெரும்பாலான விமானங்கள் அந்தப் பகுதியை ஒதுக்கிவிட்டுத்தான் போகும். அடுத்தது அரசியல். 2022 பிப்ரவரிக்குப் பிறகு அமெரிக்கா, கனடா, பிரிட்டன், ஐரோப்பிய ஒன்றிய நாடுகள் ஆகியவற்றின் விமானங்கள் ரஷ்யாவின் மேல் பறக்க முடியாது. 2025 ஏப்ரலில் பாகிஸ்தான் தன் வான்வெளியை இந்திய விமானங்களுக்கு மூடியது. டெல்லியிலிருந்து மேற்கே போகும் இந்திய விமானங்களுக்கு அது பெரிய சுற்று. நூலுக்கு விசா வேண்டாம், விமானத்துக்கு வேண்டும்.

ஒரு பழைய உதாரணம். 2021 ஜனவரியில் சான் பிரான்சிஸ்கோவிலிருந்து பெங்களூருக்கு ஏர் இந்தியா முதல் நேரடி விமானத்தை விட்டது. கேப்டன் ஜோயா அகர்வால் தலைமையில் விமானி அறை முழுக்கப் பெண்கள். நூல் கணக்கில் அந்தத் தூரம் 14,000 கிலோமீட்டர். வட துருவத்தின் மேலாகப் பறந்த அவர்கள் கடந்தது சுமார் 16,000.

சரி, மாறிப் போகும் வழிகளுக்கு வருவோம். ஒவ்வொரு கட்டத்தையும் தனித்தனி நூலாக அளந்து கூட்டினால் ஏறக்குறைய இப்படி வரும்:

டெல்லி வழி: 1,750 + 12,400 = 14,150 கி.மீ.
ஹாங்காங் வழி: 3,700 + 11,100 = 14,800 கி.மீ.
துபாய் வழி: 2,900 + 13,000 = 15,900 கி.மீ.
சிங்கப்பூர் வழி: 2,900 + 13,600 = 16,500 கி.மீ.
ஃபிராங்க்ஃபர்ட் வழி: 7,600 + 9,150 = 16,750 கி.மீ.
லண்டன் வழி: 8,200 + 8,600 = 16,800 கி.மீ.

இந்தப் பட்டியலைப் பார்த்ததும் டெல்லிதான் சுருக்கு என்று முடிவு கட்டிவிடாதீர்கள். முதல் வரிக்கும் கடைசி வரிக்கும் வித்தியாசம் 2,650 கிலோமீட்டர், அதாவது பறக்கும் கணக்கில் மூன்று மணி நேரம். நடுவில் மாறும் ஊரில் எட்டு மணி நேரம் உட்காரவைக்கும் டிக்கெட்டாக இருந்தால் அந்த மூன்று மணி நேரம் போன இடம் தெரியாது. தூரத்தை வைத்து வழியைத் தேர்ந்தெடுப்பவர்களை நான் இதுவரை பார்த்ததில்லை. காத்திருப்பையும் விலையையும் வைத்துத்தான் தேர்ந்தெடுப்பார்கள். அதுதான் சரியும்கூட.

பறக்கும் நேரம்: 850ஆல் வகுத்து முக்கால் மணி கூட்டு

நெடுந்தூர விமானங்கள் மேலே ஏறியபின் மணிக்கு 900 கிலோமீட்டர் ஒட்டிப் போகும். ஆனால் ஓடுபாதைக்கு ஊர்ந்து போவது, ஏறுவது, இறங்குவது, இறங்கியபின் வாசலைத் தேடுவது எல்லாம் சேர்ந்தால் அந்த வேகம் கணக்குக்கு வராது. நான் வைத்திருக்கும் சூத்திரம்: கிலோமீட்டரை 850ஆல் வகுங்கள், முக்கால் மணி நேரம் கூட்டுங்கள்.

சென்னை–சிங்கப்பூர் 2,900. வகுத்தால் மூன்றரை மணிக்குச் சற்றுக் குறைவு. முக்கால் மணி கூட்டினால் நாலு மணி பத்து நிமிடம். டிக்கெட்டில் பார்த்தால் நாலேகால் போல இருக்கும். ஃபிராங்க்ஃபர்ட்–சான் பிரான்சிஸ்கோ 9,150. கணக்கில் பதினொன்றரை, டிக்கெட்டிலும் பதினொன்றரை ஒட்டி. துபாய்–சான் பிரான்சிஸ்கோ 13,000. பதினாறு மணி நேரம்.

சிங்கப்பூர்–சான் பிரான்சிஸ்கோவுக்குப் போட்டால் பதினாறே முக்கால் வரும். டிக்கெட்டில் போகும்போது பதினைந்தரை, வரும்போது பதினேழேகால் என்று இருக்கும். தூரம் ஒன்றுதான், விமானமும் ஒன்றுதான். வித்தியாசம் காற்று. தரையிலிருந்து ஒன்பது முதல் பன்னிரண்டு கிலோமீட்டர் உயரத்தில், அதாவது விமானம் பறக்கும் அதே உயரத்தில், மேற்கிலிருந்து கிழக்காக ஒரு காற்றோட்டம் ஓடுகிறது. ஜெட் ஸ்ட்ரீம் என்பார்கள். மணிக்கு 150, 200 கிலோமீட்டர் வேகம் அதற்குச் சாதாரணம். குளிர்காலத்தில் இன்னும் வலுக்கும். கிழக்கே பறந்தால் முதுகில் தள்ளும், மேற்கே பறந்தால் முகத்தில் அறையும். ஆடிக்காற்றில் சைக்கிள் மிதித்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. 2020 பிப்ரவரியில் ஒரு புயலின்போது இந்தக் காற்றில் ஏறிக்கொண்ட பிரிட்டிஷ் ஏர்வேஸ் விமானம் ஒன்று நியூயார்க்கிலிருந்து லண்டனுக்கு 4 மணி 56 நிமிடத்தில் போய் இறங்கிவிட்டது. வழக்கமாக ஆறு மணி நேரத்துக்கு மேல் ஆகும்.

ஆக, பசிபிக் கடலைக் கடக்கும் வழியென்றால் போகும்போது சூத்திரத்தில் ஒரு மணி நேரத்துக்கு மேல் கழித்துக்கொள்ளுங்கள், திரும்பும்போது அரை மணி கூட்டிக்கொள்ளுங்கள். துபாய் வழியில் இந்த வித்தியாசம் பெரிதாக இருக்காது. துபாயும் சான் பிரான்சிஸ்கோவும் உருண்டையின் எதிரெதிர்ப் பக்கத் தீர்க்கரேகைகளில் இருக்கின்றன. நூல் பிடித்தால் வட துருவத்தைக் கிட்டத்தட்டத் தொட்டுவிட்டுத்தான் இறங்கும். காற்று அங்கே குறுக்காக அடிக்கும்.

டிக்கெட் நேரத்தையும் விமானி சொல்லும் நேரத்தையும் குழப்பிக்கொள்ள வேண்டாம். டிக்கெட்டில் இருப்பது கதவு மூடி வண்டி நகரத் தொடங்குவதிலிருந்து அந்தப் பக்கம் போய் நிற்கும் வரை. விமானி ஒலிபெருக்கியில் சொல்வது வானத்தில் இருக்கும் நேரம் மட்டும். அது அரை மணி குறைவாகத்தான் இருக்கும். உண்மையில் எவ்வளவு ஆகிறது என்று தெரிய வேண்டுமானால் ஃபிளைட்ரேடார்24, ஃபிளைட்அவேர் போன்ற செயலிகளில் உங்கள் விமான எண்ணைப் போட்டு, கடந்த ஒரு வாரம் எத்தனை மணிக்குக் கிளம்பி எத்தனை மணிக்கு இறங்கியது என்று பாருங்கள். நான் டிக்கெட் வாங்கும் முன்பே இதைப் பார்ப்பேன். வாரத்தில் நாலு நாள் ஒரு மணி நேரம் தாமதமாகக் கிளம்பும் விமானத்தை நம்பி ஒன்றேகால் மணி நேர இடைவெளியில் அடுத்த விமானத்தைப் பிடிக்க முடியாதல்லவா?

இப்போது பெரியப்பாவின் ஒன்பதரை மணி நேரம்

டிக்கெட்டில் அச்சடிக்கும் ஒவ்வொரு நேரமும் அந்தந்த ஊர்க் கடிகாரத்து நேரம். சென்னைப் புறப்பாடு சென்னை நேரம், சிங்கப்பூர் வருகை சிங்கப்பூர் நேரம், கடைசி வருகை கலிஃபோர்னியா நேரம். மூன்று கடிகாரங்களை ஒன்றிலிருந்து ஒன்று கழித்தால் விடை எப்படி வரும்? முதல் வேலையாக எல்லாவற்றையும் ஒரே கடிகாரத்துக்கு மாற்றுங்கள். அது சென்னைக் கடிகாரமாகவே இருக்கட்டும். காரணம் பிறகு சொல்கிறேன்.

பெரியப்பாவின் டிக்கெட்:

சென்னை புறப்பாடு, செவ்வாய் 23:15
சிங்கப்பூர் வருகை, புதன் 06:00
சிங்கப்பூர் புறப்பாடு, புதன் 09:15
சான் பிரான்சிஸ்கோ வருகை, புதன் 08:45

கடைசி இரண்டு வரிகளைப் பாருங்கள். புதன் காலை 9.15க்குக் கிளம்பி, அதே புதன் காலை 8.45க்கு, கிளம்புவதற்கு அரை மணி முன்னாலேயே போய் இறங்குகிறது. அச்சுப் பிழை இல்லை. பசிபிக் நடுவே தேதிக்கோட்டைக் கிழக்கு நோக்கித் தாண்டும்போது நாட்காட்டியில் ஒரு நாள் பின்னால் போகிறோம்.

சிங்கப்பூர் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால். அங்கே காலை 6 என்றால் சென்னையில் விடிகாலை 3.30. ஆக 23.15இலிருந்து 3.30 வரை, முதல் விமானம் நாலேகால் மணி நேரம். சிங்கப்பூரில் 6 முதல் 9.15 வரை காத்திருப்பு மூன்றேகால். ஒரே ஊர் என்பதால் நேராகக் கழிக்கலாம். சான் பிரான்சிஸ்கோ குளிர்காலத்தில் நம்மைவிடப் பதின்மூன்றரை மணி நேரம் பின்னால். அங்கே புதன் காலை 8.45 என்றால் சென்னையில் புதன் இரவு 10.15. செவ்வாய் இரவு 11.15இலிருந்து புதன் இரவு 10.15 வரை: 23 மணி நேரம்.

குறுக்குவழியும் உண்டு. பார்த்தவுடன் தோன்றும் ஒன்பதரையோடு பதின்மூன்றரையைக் கூட்டினால் 23. திரும்பி வரும்போது புதன் இரவு 10 முதல் வெள்ளி பகல் 11.40 வரை பார்த்தால் 37 மணி 40 நிமிடம். அதில் பதின்மூன்றரையைக் கழித்தால் 24 மணி 10 நிமிடம். போகும்போது கூட்டு, வரும்போது கழி. பெரியப்பா பயந்த சுற்றுவழி எதுவும் இல்லை. முப்பத்தேழாகக் காட்டியது கடிகார வித்தியாசம். போவதைவிட வருவதற்குக் கூடுதலாகும் ஒரு மணி பத்து நிமிடத்துக்கு முக்கியக் காரணம் எதிர்க்காற்று.

கலிஃபோர்னியாவில் கடிகாரத்தை வருடத்துக்கு இரண்டு முறை மாற்றுவார்கள். மார்ச் இரண்டாம் ஞாயிறு முதல் நவம்பர் முதல் ஞாயிறு வரை வித்தியாசம் பன்னிரண்டரை மணி நேரம். மற்ற மாதங்களில் பதின்மூன்றரை. பெரியப்பா பிப்ரவரியில் திரும்பாமல் ஏப்ரலில் திரும்பியிருந்தால் பதின்மூன்றரைக்குப் பதில் பன்னிரண்டரையைக் கழித்திருக்க வேண்டும். கோடைக்காலத்துக்கு எங்கள் வீட்டில் ஒரு வழக்கம்: காலையை மாலையாக்கு, அரை மணி குறை. சென்னையில் இரவு 9 என்றால் அங்கே காலை 8.30. குளிர்காலத்தில் காலையை மாலையாக்கி ஒன்றரை மணி குறை.

ஃபிராங்க்ஃபர்ட், லண்டன் வழியாகப் போகிறவர்களுக்கு இன்னொரு சிக்கல். ஐரோப்பாவும் கடிகாரத்தை மாற்றும், ஆனால் மார்ச் கடைசி ஞாயிறும் அக்டோபர் கடைசி ஞாயிறும்தான். நடுவில் கிடக்கும் வாரங்களில் போன மாதம் மனப்பாடம் செய்த வித்தியாசம் எதுவும் செல்லாது. இந்தியா, சிங்கப்பூர், ஹாங்காங், துபாய் ஆகியவை கடிகாரத்தைத் தொடுவதே இல்லை. எல்லாவற்றையும் சென்னை நேரத்துக்கு மாற்றச் சொன்னது அதற்காகத்தான்: அளவுகோலே அசைந்தால் அளப்பது எப்படி?

தேதியைத் தவறவிடுகிறவர்கள்

இது சின்ன விஷயம், ஆனால் டிக்கெட்டையே இழக்கவைப்பது. சென்னையிலிருந்து வெளிநாட்டு விமானங்கள் நிறைய நள்ளிரவைச் சுற்றித்தான் கிளம்புகின்றன. டிக்கெட்டில் 15ஆம் தேதி 00:40 என்று இருந்தால் நீங்கள் 14ஆம் தேதி இரவு ஒன்பதரைக்கே விமான நிலையத்தில் இருக்க வேண்டும். எங்கள் தெருவில் ஒரு குடும்பம் 15ஆம் தேதி ராத்திரி சாப்பிட்டுவிட்டு, பெட்டிகளில் மஞ்சள் நாடா கட்டி, சொந்தக்காரர்கள் இரண்டு காரில் வழியனுப்ப, மீனம்பாக்கம் போய்ச் சேர்ந்தார்கள். விமானம் போய் இருபது மணி நேரத்துக்கு மேல் ஆகியிருந்தது. 00 என்று தொடங்கும் நேரத்தைப் பார்த்தால் உடனே பேனாவை எடுத்துப் பக்கத்தில் முந்தைய நாளின் பெயரை எழுதுங்கள். "14 திங்கள் ராத்திரி" என்று தமிழில் எழுதிவிட்டால் குழப்பம் இல்லை.

வரும் நேரத்துக்குப் பக்கத்தில் சின்னதாக +1, +2 என்று இருப்பதையும் பாருங்கள். புறப்பட்ட ஊரின் தேதியிலிருந்து எத்தனை நாள் தள்ளி இறங்குகிறது என்று அர்த்தம். பெரியப்பா போனது +1, வந்தது +2. அழைத்துப்போக வருகிறவருக்கு இதைச் சொல்லாமல் நேரத்தை மட்டும் சொன்னால் அவர் வேறொரு நாளில் வந்து நிற்பார்.

நடுவில் எவ்வளவு நேரம் விட வேண்டும்

மொத்தப் பயண நேரத்தில் உங்கள் கையில் இருக்கும் ஒரே பகுதி இந்தக் காத்திருப்புதான். மற்றதைக் காற்றும் விமானியும் பார்த்துக்கொள்வார்கள். முதல்முறை போகிறவர்களுக்கு, அதுவும் வயதானவர்களுக்கு, மூன்று மணி நேரத்துக்குக் குறையாமல் எடுங்கள் என்பேன். ஒன்றேகால், ஒன்றரை மணி நேர இடைவெளியைத் தளங்கள் தாராளமாக விற்கும். விதிப்படி அது போதும் என்றே வைத்துக்கொண்டாலும், மொழி புரியாத இடத்தில் கழிப்பறை தேடி, மறுபடி பாதுகாப்புச் சோதனை முடித்து, இன்னொரு முனையத்துக்கு ரயிலேறிப் போக அறுபத்தெட்டு வயது முழங்கால் ஒத்துழைக்க வேண்டும். ஐந்து மணி நேரத்துக்கு மேல் போனால் வேறு விதத் தொல்லை: உட்கார்ந்தே தூங்கிப்போய் விமானத்தை விட்டவர்கள் உண்டு. வீல்சேர் உதவியை டிக்கெட் போடும்போதே கேட்டுவிடுங்கள். நடக்க முடியாதவர்களுக்குத்தான் அது என்று கூச்சப்படுகிறார்கள். வழி தெரியாத பெரியவர்களைச் சரியான வாசலில் கொண்டுபோய் விடவும் அது உதவுகிறது.

இரண்டு விமானங்களும் ஒரே டிக்கெட்டில், ஒரே பி.என்.ஆர். எண்ணில் இருக்கட்டும். அப்படி இருந்தால் முதல் விமானம் தாமதமாகி அடுத்ததை விட்டாலும் வேறொன்றில் ஏற்றிவிடுவது விமான நிறுவனத்தின் பொறுப்பு. பெட்டியும் சென்னையில் போட்டால் நேரே கடைசி ஊருக்குப் போகும். பத்தாயிரம் ரூபாய் மிச்சம் என்று சிங்கப்பூர் வரை ஒரு டிக்கெட், அங்கிருந்து ஒரு டிக்கெட் என்று தனித்தனியாக வாங்கினால், நடுவில் விட்டுப்போனது முழுக்க உங்கள் நஷ்டம். ஒருமுறை நான் அப்படி வாங்கி, மிச்சம் பிடித்ததைப் போல நாலு மடங்கு கொடுத்து வேறு டிக்கெட் எடுத்தேன். அப்புறம் அந்தப் பக்கம் போனதில்லை.

சான் பிரான்சிஸ்கோவோடு முடியாமல் அமெரிக்காவுக்குள் இன்னொரு ஊருக்குப் போகிறீர்கள் என்றால் ஒரு விதி நினைவிருக்கட்டும்: அமெரிக்காவில் முதலில் எங்கே இறங்குகிறீர்களோ அங்கே இமிக்ரேஷன் முடித்து, பெட்டியை வாங்கி, சுங்கம் கடந்து, மறுபடி ஒப்படைக்க வேண்டும். பெட்டியில் கடைசி ஊர்ச் சீட்டே ஒட்டியிருந்தாலும் இதுதான் நடைமுறை. அங்கேயும் மூன்று மணி நேரம் விடுங்கள். நடுவில் மாறும் நாட்டில் ட்ரான்சிட் விசா கேட்பார்களா என்பதை டிக்கெட் வாங்கும் முன்பே விமான நிறுவனத்திடம் கேட்டுவிட வேண்டும், வாங்கிய பிறகு அல்ல.

வாசலிலிருந்து வாசலுக்கு

23 மணி நேரம் என்பது விமான நிலையத்திலிருந்து விமான நிலையத்துக்கு. பெரியப்பா வீட்டு வாசலிலிருந்து கணக்குப் போட்டோம். கும்பகோணம் முதல் சென்னை வரை 300 கிலோமீட்டர். காரில் நடுவே ஒரு காப்பியோடு ஏழு மணி நேரம். தாம்பரத்துக்கு முன்னால் நெரிசலுக்கு ஒரு மணி நேரம் தனியாக வைத்தோம். விமானத்துக்கு மூன்று மணி நேரம் முன்னதாக உள்ளே போக வேண்டும், அதாவது இரவு 8.15. கவுன்ட்டரை அநேகமாக ஒரு மணி நேரத்துக்கு முன்பே மூடிவிடுவார்கள், அதற்குமேல் கெஞ்சினாலும் நடக்காது. ஆக, வீட்டைவிட்டுக் கிளம்ப வேண்டியது பகல் 12.15. பெரியம்மா பன்னிரண்டு மணிக்கு மேல் ராகுகாலமா என்று பஞ்சாங்கத்தைப் புரட்டினார். செவ்வாயில் ராகுகாலம் மூன்று மணிக்குத்தான், தப்பித்தோம்.

அந்தப் பக்கம், இமிக்ரேஷன் வரிசையும் பெட்டியும் சேர்த்து ஒன்றரை முதல் இரண்டு மணி நேரம். அங்கிருந்து ஃப்ரீமாண்ட் சுமார் 50 கிலோமீட்டர், காலை நெரிசலில் ஒரு மணி நேரம். கூட்டிப் பாருங்கள்: வீட்டிலிருந்து விமானம் ஏறும்வரை 11, விமானமும் காத்திருப்பும் 23, அங்கே 3. மொத்தம் 37 மணி நேரம். திரும்பும் டிக்கெட்டைப் பார்த்துப் பெரியப்பா பயந்த அதே எண்! உடை, மருந்து, சாப்பாடு எல்லாவற்றுக்கும் இந்த 37தான் கணக்கு, டிக்கெட்டில் இருக்கும் 23 அல்ல.

கைக்கடிகாரத்தை மாற்றாதீர்கள்

கடைசியாக, நாங்கள் செய்து பார்த்துப் பலித்த ஒரு ஏற்பாடு. பெரியப்பாவிடம் ஒரு பழைய எச்.எம்.டி. கைக்கடிகாரம் இருக்கிறது, சாவி கொடுக்கும் வகை. அதைப் பயணம் முழுக்கத் திருப்பவே கூடாது, சென்னை நேரத்திலேயே ஓடட்டும் என்று சொன்னேன். போன் இறங்கும் ஊரில் தானே மாறிக்கொள்ளும். மணிக்கட்டில் சென்னை, சட்டைப்பையில் உள்ளூர். விமானத்தில் ஏறியதும் முன்திரை ஒரு நேரம் காட்டும், பக்கத்து சீட்காரர் ஒரு நேரம் சொல்வார், ஜன்னலுக்கு வெளியே நடுராத்திரியில் விடியும். எதையும் நம்ப வேண்டாம். சர்க்கரை மாத்திரை காலை 8, இரவு 8 என்றால் கைக்கடிகாரத்தில் எட்டு ஆகும்போது போட்டால் இடைவெளி தப்பாது. ஊருக்குப் போய்ச் சேர்ந்தபின் உள்ளூர் நேரத்துக்கு எப்படி மாற்றுவது என்பதையும், இன்சுலின் போடுகிறவர்கள் என்றால் எல்லாவற்றையுமே, டிக்கெட்டைக் கொண்டுபோய் டாக்டரிடம் காட்டிக் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். மாத்திரைகள் கைப்பையில் இருக்க வேண்டும், பெட்டியில் அல்ல.

ஒரு அரைத்தாளில் நாலு வரி எழுதிச் சட்டைப்பையில் வைத்தோம். ஒவ்வொரு வரியிலும் ஊர், விமான எண், உள்ளூர் நேரம், பக்கத்தில் சென்னை நேரம். சிங்கப்பூர் இறங்குவது சென்னைக்கு 3.30, ஏறுவது 6.45, கடைசியில் இறங்குவது இரவு 10.15. பதினைந்தரை மணி நேரத்தில் காலை நீட்ட இரண்டு மணிக்கு ஒருமுறை எழுந்து நடக்க வேண்டும் என்பதையும் அதே தாளின் அடியில் பெரியம்மா எழுதிவிட்டார். விமானத்துக்குள் காற்று வறண்டுதான் இருக்கும், தண்ணீர் கேட்டுக் கேட்டுக் குடிக்கச் சொல்லுங்கள்.

அதே தாளின் நகல் ஒன்றைக் கும்பகோணத்தில் குளிர்சாதனப் பெட்டிக் கதவில் ஒட்டினோம். 8.45க்கு இறங்கி, வரிசையில் நின்று, பெட்டி எடுத்து, மகளைப் பார்த்து அழுது முடித்து அவர் வெளியே வரும்போது இங்கே நள்ளிரவு தாண்டியிருந்தது. தூங்கியிருப்பார்கள், காலையில் கூப்பிடலாம் என்று அவர் நினைத்தாராம். முதல் மணியிலேயே பெரியம்மா எடுத்துவிட்டார்.